பிறர் நோவறிந்த பெருந்தகை: கூரத்தாழ்வான் வைபவம்

எம்பெருமானார் ஸ்ரீராமாநுஜருடைய திருவடிகளைப் பற்றி உய்ந்த சீடர்கள் எண்ணற்றோர். அவர்களுள் கல்வியாலும் செல்வத்தாலும் குலத்தாலும் உயர்ந்திருந்தும், அம்மூன்றாலும் வரக்கூடிய செருக்கு சிறிதும் அணுகாதவராய் வாழ்ந்தவர் கூரத்தாழ்வான். திருவரங்கத்தமுதனார் தாம் அருளிய இராமாநுச நூற்றந்தாதியில் ஆழ்வானை இப்பெருமையைச் சொல்லியே போற்றினார். உடையவருக்கு ஆழ்வான் சீடராகவும், தோழராகவும், நூல் இயற்றுகையில் துணைவராகவும், ஆபத்துக் காலத்தில் கவசமாகவும் இருந்தார்.

ஆழ்வானுடைய திருச்சரிதத்தை ஆறாயிரப்படி குருபரம்பரா ப்ரபாவம் முதலிய நூல்கள் விரிவாகக் கூறுகின்றன. அதை ஊன்றிப் படிப்பவர்க்கு ஒரு செய்தி தெளிவாகப் புலப்படும். தாம் செய்யும் எந்தச் சிறு காரியமும் வேறொருவரைச் சென்று தொடும் என்பதை அவர் ஒருகணமும் மறந்ததில்லை. தம்மால் பிறருக்கு நேர்வது எதுவாயினும் அதற்குத் தாமே பொறுப்பு என்று கொண்டார். பிறரால் தமக்கு நேர்ந்ததற்கோ எவரையும் பொறுப்பாக்கவில்லை. இவ்விரண்டும் ஒருவரிடத்தில் சேர்ந்திருப்பது அரிதினும் அரிது.

திருவவதாரம்

தொண்டை நாட்டில் காஞ்சீபுரத்திற்கு அருகே உள்ள கூரம் என்னும் கிராமமே ஆழ்வான் அவதரித்த தலம். சௌம்ய வருஷம் தை மாதம் ஹஸ்த நக்ஷத்திரத்தில், அதாவது 1010-ஆம் ஆண்டில், அவர் அவதரித்தார் என்பது ஸம்ப்ரதாயக் கணக்கு. ஹாரீத கோத்திரத்தில் தோன்றிய அவருக்குப் பெற்றோர் இட்ட திருநாமம் ஸ்ரீவத்ஸாங்கர். தமிழில் திருமறுமார்பர் என்றும் வழங்குவர். 1017-ஆம் ஆண்டில் ஸ்ரீபெரும்பூதூரில் அவதரித்த உடையவரைவிட ஆழ்வான் வயதில் மூத்தவர். ஆயினும் ஞானத்தில் பெரியவரே ஆசார்யர் என்று தெளிந்து, இளையவரான உடையவரிடம் பஞ்சஸம்ஸ்காரம் பெற்று அடிமை பூண்டார். அவருடைய தர்மபத்தினி ஆண்டாள் அம்மங்கார், கணவரின் திருவுள்ளம் அறிந்து நடந்த உத்தமி.

ஆழ்வானுடைய நெஞ்சின் மென்மையைக் காட்ட ஒரு நிகழ்ச்சியைப் பெரியோர் சொல்வதுண்டு. வழியில் ஒருநாள் பாம்பின் வாயில் அகப்பட்ட தவளை ஒன்று கதறும் ஒலி அவர் செவியில் விழுந்தது. இந்தச் சிற்றுயிர் யாரை நோக்கிக் கதறுகிறதோ, இதன் துயரைக் கேட்பார் யாரோ என்று எண்ணி அவர் மோகித்து வீழ்ந்தார் என்பர். அத்தகைய நெஞ்சு படைத்தவருடைய வாழ்வில் சோதனைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

கதவின் ஓசை

கூரத்தில் ஆழ்வானுடைய திருமாளிகை பெருஞ்செல்வம் நிறைந்தது. காலை முதல் இரவு வரை அங்கே அன்னதானம் இடையறாது நடக்கும். வந்தவர் எவரும் பசியோடு திரும்பியதில்லை. இரவில் கடைசி விருந்தினரும் உண்டு சென்ற பிறகே திருமாளிகையின் பெருங்கதவுகள் சாத்தப்படும். ஓர் இரவு அவ்வாறு கதவுகள் சாத்தப்பட்டபோது எழுந்த ஓசை காஞ்சியில் பெருந்தேவித் தாயாரின் திருச்செவியில் பட்டதாம். அது என்ன ஓசை என்று பிராட்டி வினவ, பேரருளாளனோடு நேரில் உரையாடும் பேறு பெற்ற திருக்கச்சி நம்பிகளின் வாயிலாக அது கூரத்து மாளிகைக் கதவின் ஓசை என்பது தெரியவந்தது.

இச்செய்தியைக் கேட்டவர் வேறு எவராயினும் பெருமிதம் கொண்டிருப்பர். தம் அறச்சாலையின் புகழ் தாயாரின் செவிவரை எட்டிவிட்டது என்று மகிழ்ந்திருப்பர். ஆழ்வானுக்கோ நாணமே மேலிட்டது. திவ்ய தம்பதிகள் கண்வளரும் வேளையில், தம்முடைய செல்வத்தின் ஓசை அங்கே சென்று ஒலித்ததே என்று நெஞ்சம் வருந்தினார். செய்தது அறமே. ஆனால் அந்த அறத்தைச் சூழ்ந்திருந்த செல்வத்தின் ஆரவாரம் தாம் அறியாமலே பிறருக்கு இடையூறாகிவிட்டதே என்பது அவருடைய வருத்தம். கதவைச் சாத்தியவர்களை அவர் கடிந்துகொள்ளவில்லை. அந்தக் கதவையும் அதற்குள் இருந்த செல்வத்தையும் துறந்தார். பொருள் அனைத்தையும் தானம் செய்துவிட்டு, உடுத்த துணியோடு ஆண்டாளையும் அழைத்துக்கொண்டு, உடையவர் எழுந்தருளியிருந்த திருவரங்கத்தை நோக்கிக் கால்நடையாகப் புறப்பட்டார்.

பொன்வட்டில்

செல்லும் வழியில் ஒரு காடு குறுக்கிட்டது. இருள் சூழ்ந்ததும் ஆண்டாள், இவ்வழியில் பயம் உண்டோ என்று கேட்டாள். மடியில் கனம் உள்ளவர்க்கே வழியில் பயம் என்று விடை பகர்ந்த ஆழ்வான், கையில் ஏதேனும் உண்டோ என்று வினவினார். கணவர் அமுது செய்வதற்காகப் பொன்வட்டில் ஒன்றை எடுத்து வந்திருப்பதாக அவள் தயக்கத்தோடு சொன்னாள். ஆழ்வான் அதை வாங்கி இருளில் வீசி எறிந்துவிட்டு நடந்தார்.

ஆண்டாள் அந்த வட்டிலைத் தனக்காக எடுத்து வரவில்லை. கணவர் மேல் வைத்த அன்பினாலேயே எடுத்து வந்தாள். ஆயினும் அந்த அன்பின் சுமை அவளுடைய நெஞ்சில் அச்சமாக விளைந்தது. அதனால்தான் ஆழ்வான் அவளைச் சினவாமல், அச்சத்தின் வேரை மட்டும் களைந்தார். பொன் போயிற்று, பயமும் போயிற்று. திருவரங்கம் சேர்ந்த பின்பு ஆழ்வான் உஞ்சவிருத்தி செய்து அன்றாடம் கிடைத்ததைக் கொண்டு வாழ்ந்தார். ஆயிரம் பேருக்கு அன்னமிட்ட கை, அரிசிக்காக வீதியில் நீண்டது. அதில் அவர் குறை ஏதும் காணவில்லை.

மழை நாளும் ப்ரஸாதமும்

ஒருநாள் விடாமழை பெய்தது. உஞ்சவிருத்திக்குச் செல்ல இயலவில்லை. அன்று முழுவதும் ஆழ்வானும் ஆண்டாளும் உபவாஸம். ஆழ்வானோ எம்பெருமானைத் தியானித்தபடியே பசியை மறந்திருந்தார். இரவில் பெரியபெருமாள் அரவணை அமுது செய்யும் வேளையில் எழும் வாத்திய ஓசை ஆண்டாளின் காதில் விழுந்தது. உம்முடைய அடியார் இங்கே பட்டினி கிடக்க, நீர் அங்கே அமுது செய்கிறீரோ என்று அவள் மனத்தில் ஓர் எண்ணம் எழுந்தது. வாய் திறந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. சற்று நேரத்தில் குடை, சாமரம் முதலிய மரியாதைகளோடு கோயில் பரிஜனங்கள் ப்ரஸாதம் ஏந்தி வாசலில் வந்து நின்றனர்.

திடுக்குற்ற ஆழ்வான் ஆண்டாளை நோக்கி, ஏதேனும் நினைத்தாயோ என்று கேட்டார். அவள் உண்மையை ஒப்புக்கொண்டாள். நம்முடைய பசிக்காக எம்பெருமானை இந்த மழையிலே வருந்தச் செய்தாயே என்று அவர் நொந்தார். ப்ரஸாதத்தைத் திருப்பி அனுப்புவது அபசாரம் ஆகும் என்பதனால் சிறிதளவே ஏற்றுத் தாமும் உட்கொண்டு ஆண்டாளுக்கும் அளித்தார். அந்த ப்ரஸாதத்தின் மகிமையால் பராசர பட்டர், வேதவ்யாஸ பட்டர் என்னும் இரு குமாரர்கள் அவதரித்தனர் என்பது பூர்வர்களின் திருவாக்கு. மனத்திலே எழும் நினைவுகூடப் பிறரைச் சென்று தொடும் என்று ஆழ்வான் கருதினார். அந்த நினைவினால் விளைந்தது நன்மையே ஆயினும், அதன் பொருட்டு இன்னொருவர் வருந்தலாகாது என்பதே அவருடைய கொள்கை.

பொறுமையால் வென்ற உள்ளம்

அக்காலத்தில் திருவரங்கம் பெரிய கோயிலின் நிர்வாகம் பெரிய கோயில் நம்பி என்பவரிடத்தில் இருந்தது. உடையவர் செய்ய எண்ணிய சீர்திருத்தங்களுக்கு நம்பி இசையவில்லை. அவரைத் திருத்திப் பணிகொள்ளும் பொறுப்பை உடையவர் ஆழ்வானிடம் ஒப்படைத்தார். ஆழ்வான் வாதம் செய்து அவரை வெல்ல முற்படவில்லை. பழகிப் பழகியே அவருடைய உள்ளத்தில் இடம் பெற்றார்.

நம்பியின் தாயார் மறைந்தபோது, ஏகாஹ சிராத்தத்தில் அமர்ந்து உண்ண ஒருவர் தேவைப்பட்டார். அதை ஏற்பவரைச் சிலகாலம் மற்றவர் விலக்கி வைப்பர் என்பதால் எளிதில் எவரும் முன்வர மாட்டார். ஆழ்வான் தாமாகவே அமர்ந்தார். உண்டு முடிந்ததும், திருப்தியா என்று நம்பி கேட்பதும், விரும்பியதைப் பெற்ற பின்னரே திருப்தி என்று உண்டவர் கூறுவதும் வழக்கம். ஆழ்வான் கோயில் நிர்வாகத்தை உடையவருக்கு அளிக்குமாறு வேண்டினார். நம்பியும் இசைந்து கொத்துச் சாவியை அளித்தார்.

அந்த நம்பியே பின்னர் ஆழ்வானை ஆச்ரயித்துத் திருவரங்கத்தமுதனார் என்ற திருநாமம் பெற்று, 108 பாசுரங்கள் கொண்ட இராமாநுச நூற்றந்தாதியை அருளினார். தம்முடைய மதிப்புக் குறையுமே என்று ஆழ்வான் அன்று தயங்கியிருந்தால், பெரிய கோயிலின் நியமங்கள் சீர்பட்டிருப்பதும் அரிது, அந்தாதி பிறந்திருப்பதும் அரிது. ஒருவர் ஏற்கும் சிறு தாழ்வு தலைமுறைகளுக்கு ஏற்றமாய் முடியும் என்பதற்கு இது சான்று.

எழுத்தாணி நின்ற இடம்

ஸ்ரீபாஷ்யம் இயற்றத் திருவுள்ளம் பற்றிய உடையவர், போதாயன வ்ருத்தி என்னும் பழைய நூலைக் காண்பதற்காக ஆழ்வானோடு காஷ்மீரம் வரை எழுந்தருளினார். கிடைத்த நூலை அங்குள்ளோர் இடைவழியில் திரும்பப் பறித்துக்கொண்டனர். உடையவர் வருந்தினார். அப்போது ஆழ்வான், இரவுதோறும் உறங்காது அதை முழுவதும் நெஞ்சில் பதித்துக்கொண்டதாக விண்ணப்பித்தார்.

பின்னர் திருவரங்கத்தில் உடையவர் சொல்லச் சொல்ல ஆழ்வான் ஏட்டில் எழுதினார். தாம் சொல்வது சித்தாந்தத்திற்கு ஒவ்வாததாய்த் தோன்றினால் எழுதுவதை நிறுத்திவிட வேண்டும் என்பது உடையவர் இட்ட கட்டளை. ஆத்மாவின் ஸ்வரூபத்தைச் சொல்லும் இடம் வந்தது. ஆத்மா அறியும் இயல்புடையது என்ற அளவிலே உடையவர் அருளிச்செய்தார். ஆழ்வானுடைய எழுத்தாணி நின்றுவிட்டது. அறிவுடைமையைச் சொல்லி, ஆத்மா எம்பெருமானுக்கே உரியது என்னும் அடிமைத்தன்மையைச் சொல்லாது விடுவது பொருந்தாது என்பது அவருடைய கருத்து. உடையவர் சீற்றமுற்று, எழுத விருப்பமாயின் நீரே எழுதிக்கொள்ளும் என்று அவரைத் தள்ளிவிட்டு எழுந்து சென்றார்.

சீடர்கள் கலங்கினர். ஆழ்வான் கலங்கவில்லை. உடைமை உடையவனுக்கு வசப்பட்டது, அவன் விரும்பியபடி செய்துகொள்ளலாம் என்று மட்டும் சொல்லி அமைந்திருந்தார். சிறிது நேரம் ஆராய்ந்த உடையவர் தாம் விட்டதை உணர்ந்து, ஆழ்வானை அழைத்து அணைத்துக்கொண்டு, திருத்திய பொருளை எழுதச் செய்தார்.

இந்நிகழ்ச்சியில் இருவருடைய பெருமையும் விளங்குகிறது. ஏட்டில் ஏறும் ஒரு பிழை எழுதியவரோடு நிற்பதன்று. பின்னால் கற்போர், அவர்களிடம் கற்போர் என்று அது காலமெல்லாம் நடந்து செல்லும். ஆசார்யருடைய கோபத்திற்கு ஆளாவதைக் காட்டிலும், இனி வரப்போகும் கண்ணறியாத மாணாக்கர் தவறாக உணர்வது பெருந்தீங்கு என்று ஆழ்வான் எண்ணினார். அந்தப் பிழையைச் சீடன் சுட்டியதற்காகச் சிறுமை கொள்ளாமல் ஏற்றுத் திருத்தியது உடையவரின் பெருமை.

நாலூரானின் ஒரு சொல்

குருபரம்பரை நூல்கள் கிருமிகண்ட சோழன் என்று குறிக்கும் மன்னன், தன் சமயமே உயர்ந்தது என்று ஒப்பிக் கையெழுத்திடும்படி வித்வான்களை வற்புறுத்திவந்த காலம் அது. அச்சத்தாலும் பொருளாசையாலும் பலர் கையெழுத்திட்டனர். அம்மன்னனிடத்தில் அமைச்சனாய் இருந்தவன் நாலூரான். அவன் ஆழ்வானிடமே கற்றவன். மற்றவர் எத்தனை பேர் கையெழுத்திட்டு என்ன, இராமாநுஜரும் கூரத்தாழ்வானும் இட்டால் அல்லவோ அதற்கு மதிப்பு என்று அவன் மன்னனிடம் கூறினான். அவன் வாள் எடுத்தவன் அல்லன், எவரையும் தன் கையால் துன்புறுத்தியவனும் அல்லன். அரசன் செவிக்கு இனிதாகும்படி ஒரு சொல் சொன்னான். அவ்வளவே அவன் செய்தது.

அந்த ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு சோழனின் ஆட்கள் திருவரங்கம் வந்தனர். உடையவர் நீராடச் சென்றிருந்த வேளை அது. செய்தியறிந்த ஆழ்வான் ஒரு கணமும் தாமதியாமல் உடையவரின் காஷாயத்தை உடுத்து, த்ரிதண்டத்தை ஏந்தி, தாமே இராமாநுஜர் என்று ஆட்களோடு புறப்பட்டார். முதியவரான பெரிய நம்பியும், அவருடைய திருக்குமாரத்தி அத்துழாயும் உடன் சென்றனர். உடையவர் ஆழ்வானுடைய வெள்ளாடையை உடுத்துச் சீடர்களோடு மேல்நாட்டை நோக்கி எழுந்தருளினார்.

மன்னன் அவையில் ஆழ்வானும் பெரிய நம்பியும் கையெழுத்திட மறுத்தனர். வெகுண்ட மன்னன் அவர்களுடைய கண்களைப் போக்குமாறு ஆணையிட்டான். பெரிய நம்பியின் கண்கள் பறிக்கப்பட்டன. ஆழ்வானோ, அடியார்க்குக் கொடுமை செய்யும் மன்னனைக் கண்ட கண்கள் இனி வேண்டா என்று தம் கண்களைத் தாமே போக்கிக்கொண்டார் என்று கூறுவர். இருவரும் குருதி வடியத் திருவரங்கம் நோக்கித் திரும்பினர்.

நாலூரானின் ஒரு சொல் எத்தனை வாசல்களில் சென்று இடித்தது என்று எண்ணிப் பார்க்கவேண்டும். உடையவர் திருவரங்கத்தை விட்டு 12 ஆண்டுகள் பிரிந்திருக்க நேர்ந்தது. ஆசார்யரை இழந்து திருவரங்கத்து அடியார்கள் பரிதவித்தனர். மேல்கோட்டையில் திருநாராயணன் ஸந்நிதி உடையவரால் புதுவாழ்வு பெற்றது எம்பெருமானுடைய ஸங்கல்பம். தீமையிலிருந்தும் நன்மையை விளைப்பது அவனுடைய திருவிளையாடல். அதனால் தீமை செய்தவனுடைய தவறு தவறல்லாமல் போய்விடாது.

பெரிய நம்பியின் கடைசி முடிவு

திரும்பும் வழியில் பெரிய நம்பியின் திருமேனி தளர்ந்தது. தஞ்சைக்கு அருகே பசுபதிகோயில் என்னும் ஊரில் அவர் இளைப்பாறினார். ஆழ்வானின் மடியில் திருமுடியும் அத்துழாயின் மடியில் திருவடியுமாகச் சாய்ந்திருந்தவரிடம், திருவரங்கம் அணித்தே உள்ளது, அங்கே சென்று சேரலாமே என்று ஆழ்வான் விண்ணப்பித்தார். நம்பி அதற்கு இசையவில்லை. தாம் வருந்தியாவது திருவரங்கம் சென்று உயிர் விட்டால், இத்தகையவருக்கே அந்த க்ஷேத்திரத்தில் மாண்டால்தான் மோக்ஷம் போலும் என்று பின்னுள்ளோர் எண்ணுவர். எம்பெருமானைச் சரணடைந்து எங்கேயோ ஒரு மூலையில் உயிர்விடும் ஏழை அடியாரின் நம்பிக்கை அதனால் குலையும். ஆகையால் இங்கேயே போகிறேன் என்று சொல்லி அவ்விடத்திலேயே திருநாடு அலங்கரித்தார்.

வாழ்நாள் முழுவதும் அரங்கனைச் சேவித்தவர்க்குக் கடைசியாக அவன் திருவடியில் சென்று விழ விருப்பம் இல்லாதிருக்குமோ? அந்த விருப்பத்தை, தாம் ஒருபோதும் காணப்போகாத அடியார்களின் பொருட்டு அவர் விட்டார். கண்ணிழந்த ஆழ்வான் அந்தத் திருமுடியைத் தம் மடியிலே தாங்கியிருந்தார்.

கோயில் வாசலில்

திருவரங்கம் வந்து சேர்ந்த ஆழ்வான் பெரியபெருமாளைச் சேவிக்கச் சென்றார். இராமாநுஜரின் ஸம்பந்தம் உடையவர் எவரையும் உள்ளே விடலாகாது என்ற அரசாணையைச் சொல்லி வாசலில் ஒருவன் தடுத்தான். அருகில் இருந்த மற்றொருவன், இவர் எல்லோருக்கும் நல்லவர், குணசாலி, இவரை விடலாம் என்றான். ஆழ்வான் முன்வைத்த காலைப் பின்வாங்கினார். குணம் உடையவராவது ஆசார்ய ஸம்பந்தத்திற்குத் துணையாவதன்றோ. அந்த ஸம்பந்தத்தை மறைத்துப் பெறுகின்ற அநுமதி தமக்கு வேண்டா என்று சொல்லித் திரும்பினார்.

தம்மொருவருக்குத் திறந்த கதவு, மற்ற இராமாநுஜ அடியார்களுக்கு மூடிய கதவாயிருப்பதை அவரால் ஏற்க முடியவில்லை. குடும்பத்தோடு திருமாலிருஞ்சோலை சென்று, அழகர் திருவடியில் காலம் கழித்தார். கண்ணற்ற அந்நாளில் அவர் அருளியது ஸுந்தரபாஹு ஸ்தவம். ஸ்ரீவைகுண்ட ஸ்தவம், அதிமாநுஷ ஸ்தவம், வரதராஜ ஸ்தவம், ஸ்ரீஸ்தவம் என்பவற்றோடு சேர்ந்து இது பஞ்ச ஸ்தவங்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது.

உடையவரின் துயரம்

சோழன் மறைந்தபின் உடையவர் திருவரங்கத்திற்கு மீண்டும் எழுந்தருளினார். கண்ணிழந்து நின்ற ஆழ்வானைக் கண்டு, தம் பொருட்டு இந்தத் துன்பம் நேர்ந்ததே என்று கண்ணீர் சொரிந்தார். ஆழ்வான் அதை ஏற்கவில்லை. எப்பொழுதோ ஒரு ஸ்ரீவைஷ்ணவரின் நெற்றியில் திருமண்காப்பு கோணலாய் இருக்கிறதே என்று தாம் மனத்தில் எண்ணியிருக்கக் கூடும், அந்த அபசாரத்தின் பயன் இது என்று விண்ணப்பித்தார் என்பர்.

கண்ணை இழந்ததற்கு மன்னனைக் காரணம் காட்டலாம், நாலூரானைக் காட்டலாம். ஆழ்வான் தேடிப்பிடித்துக் காட்டியது தம் மனத்தில் தோன்றியிருக்கக்கூடிய ஒரு சிறு இகழ்ச்சியை. ஆசார்யருடைய நெஞ்சில் குற்றவுணர்வு தங்கலாகாது என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. தமக்கு நேர்ந்த துன்பமும் மற்றவர்க்குச் சுமையாகாதபடி அவர் அதைத் தம்மிடமே வாங்கி வைத்துக்கொண்டார்.

பேரருளாளன் ஸந்நிதியில்

உடையவர் ஆழ்வானைக் காஞ்சிக்கு அழைத்துச் சென்றார். கேட்டதெல்லாம் தருபவன் வரதன், அவனைத் துதித்துக் கண்களைப் பெற்றுக்கொள்ளவேண்டும் என்று நியமித்தார். இவ்வுலகில் காணவேண்டிய பொருள் தமக்கு ஏதும் இல்லை என்று ஆழ்வான் மறுத்தும், ஆசார்யரின் ஆணையைத் தட்டமுடியாமல் வரதராஜ ஸ்தவத்தை விண்ணப்பித்தார். பேரருளாளன் உகந்து, வேண்டுவது யாது என்று கேட்டருளினான்.

ஆழ்வான் கண்ணைக் கேட்கவில்லை. தாம் பெறும் பேற்றை நாலூரானும் பெறவேண்டும் என்று கேட்டார். வரதனும் அவ்வாறே ஆகுக என்று அருளினான்.

இதைக் கேட்ட உடையவர் முதலில் திகைத்தார், பின்னர் உள்ளம் உருகினார். நாலூரான் ஆழ்வானிடம் கற்றவன். தம்மிடம் கற்ற ஒருவன் தன் சொல்லால் பெரும்பாவத்தைத் தேடிக்கொண்டான், அவனைக் கைவிட்டுத் தாம் மட்டும் கரையேறுவது எங்ஙனம் என்பதே ஆழ்வானின் எண்ணம். மற்றவர்கள் நாலூரான் செய்த துன்பத்தை எண்ணினர். ஆழ்வான் நாலூரானுக்கு வரப்போகும் துன்பத்தை எண்ணினார். பின்பு உடையவரின் திருவுள்ளம் நிறையும்படி, எம்பெருமானையும் ஆசார்யரையும் சேவிக்கும் அளவிற்கு வரதன் ஆழ்வானுக்குப் பார்வை அருளினான் என்று பெரியோர் பணிப்பர்.

ஸம்பந்தத்தின் பயன்

முதுமையில் ஆழ்வான் பெரியபெருமாள் ஸந்நிதி சென்று, தமக்குத் திருநாடு தந்தருள வேண்டினார். அரங்கன் அவருக்கு மட்டுமன்றி அவரோடு ஸம்பந்தம் உடைய அனைவருக்கும் அதை அருளினான். இச்செய்தி கேட்ட உடையவர், தமக்கும் ஆழ்வானோடு ஸம்பந்தம் உண்டாகையால் இனிக் கவலையில்லை என்று தம் மேலாடையை ஆகாயத்தில் எறிந்து களித்தார் என்பது வரலாறு. ஆசார்யரே சீடனின் ஸம்பந்தத்தால் பெருமை கொண்ட காட்சி இது.

களிப்பு அடங்கியதும் பிரிவை எண்ணி உடையவர் வருந்தினார். தமக்கு முன்னே செல்வதேன் என்று கேட்டார். தேவரீர் அங்கே எழுந்தருளும்போது எதிர்கொண்டு அழைக்க அடியேன் முன்னதாகச் சென்றிருக்க வேண்டாவோ என்று ஆழ்வான் விண்ணப்பித்தார். குமாரர்களைப் பெரியபெருமாளிடமும் பெரிய பிராட்டியாரிடமும் ஒப்படைத்து, உடையவரின் திருவடிகளைச் சிரமேற்கொண்டு திருநாட்டுக்கு எழுந்தருளினார். சில காலத்திற்குப் பின்பு 1137-ஆம் ஆண்டில் உடையவரும் திருநாடு அலங்கரித்தார். ஆழ்வானின் குமாரர் பராசர பட்டர், தந்தை காத்த தர்சனத்தைத் தாமும் தாங்கி நிர்வஹித்தார்.

நமக்குள்ள பாடம்

திருவிழாக் காலத்தில் ஆயிரக்கணக்கானோர் ஓரிடத்தில் கூடுகிறோம். நாம் இடித்துக்கொண்டு முன்னேறும் ஓர் அடி, நெடுநேரம் காத்திருந்த முதியவர் ஒருவரின் ஸேவையை மறைக்கலாம். உரத்துப் பேசும் ஒரு சொல், அருகில் கண்மூடி நிற்பவரின் தியானத்தைக் கலைக்கலாம். ஒருவரைப்பற்றி விளையாட்டாய்ச் சொல்லும் சொல், நாலூரானின் சொல்லைப்போல நாம் அறியாத வாசல்களைச் சென்று இடிக்கலாம். கூரத்துக் கதவின் ஓசைக்கு நாணிய மஹானை நினைத்தால், நம்முடைய அடியும் சொல்லும் தாமே அடங்கும்.

அவ்வாறே, நெரிசலில் நம் காலை ஒருவர் மிதித்துவிட்டால், நமக்குரிய முறையை ஒருவர் பறித்துக்கொண்டால், நாலூரானுக்காகக் கை கூப்பிய ஆழ்வானை நினைக்கவேண்டும். பெருமாளைச் சேவித்து நிற்கும் அந்த நொடியில், நமக்கு வேண்டியதோடு, நமக்குத் தீங்கு செய்தவருடைய நன்மையையும் சேர்த்து வேண்டிக்கொள்வது ஆழ்வான் காட்டிய வழி. அவ்வழியில் நடக்கும் பாக்கியத்தை எம்பெருமான் எல்லோருக்கும் அருள்வானாக.

கூரத்தாழ்வான் திருவடிகளே சரணம்.